பாயான் லெப்பாஸ் அம்மாவின் லீவுக் கணக்கு

தமிழ்நாட்டிலிருந்து கம்பெனி வேலையாகப் பாயான் லெப்பாஸுக்குக் குடிவரும் குடும்பங்களில் அம்மாக்கள் முதலில் விசாரிப்பது வீட்டு வாடகை. அடுத்து, தமிழ்ப் பள்ளி எங்கே என்பார்கள். சுங்கை ஆராவில் இருக்கிறது என்று சொன்னதும் மூன்றாவது கேள்வி வரும்: "இங்க சம்மர் லீவு எப்போக்கா விடுவாங்க?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. உட்காருங்கள். மாமாக் கடைத் தே தாரிக் ஆறுவதற்கு எப்படியும் நேரமாகும். அதற்குள் பாதியாவது சொல்லிவிடுகிறேன்.

முதலில் நாட்காட்டி. பாயான் லெப்பாஸ் இருக்கும் மலேசியாவின் பினாங்குத் தீவு நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை சொச்சம் வடக்கே இருக்கிறது. வெயிலும் மழையும் வருஷம் பூராவும் மாறி மாறி வரும். ஏப்ரல், மே என்று இரண்டு மாதம் பள்ளியை மூடிப்போடும் வழக்கம் இங்கே கிடையாது. லீவு துண்டு துண்டாகத்தான் வரும். 2026ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால், மார்ச்சில் ஒரு வாரம், மே கடைசியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை இரண்டு வாரம், ஆகஸ்ட் கடைசியில் ஒரு வாரம், டிசம்பரில் ஏறக்குறைய ஒரு மாதம். கோவிட் காலத்தில் பள்ளியாண்டின் தொடக்கம் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. அந்தச் சில வருஷங்களில் நீண்ட லீவு பிப்ரவரியையும் மார்ச்சையும் ஒட்டி விழுந்தது. வடக்கு மாநிலங்கள் காய்ந்து கிடக்கும் மாதங்கள் அவை. வெயில் 35 பாகைக்கு ஏறி மூன்று நாள் அப்படியே நின்றால் வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடும். பிள்ளைகள் ஃபேனுக்கு அடியில் பாயைப் போட்டுப் புரண்டுகொண்டிருப்பார்கள். நினைக்காமலே நமக்கும் ஒரு கோடை லீவு கிடைத்த காலம் அது. 2026இல் பள்ளி மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டதால், நீண்ட லீவும் டிசம்பருக்கே திரும்பிவிட்டது.

ஆகவே உங்கள் ஊர் கோடை லீவுக்குப் பக்கத்தில் இங்கே எதைச் சொல்லலாம் என்றால், மே கடைசியில் வரும் அந்த இரண்டு வாரத்தைத்தான். இரண்டு வாரம்தானே, கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்று நினைப்பீர்கள். வேலைக்குப் போகும் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். மாமியாரிடம், பக்கத்து வீட்டில், சூப்பர்வைசரிடம் என்று ஏப்ரலிலேயே அவர் பேச்சு வார்த்தையை ஆரம்பித்திருப்பார்.

ஏன் என்று புரிய, இந்த ஊர் உருவான கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1969இல் பினாங்கு தன் தீர்வையில்லாத் துறைமுகத் தகுதியை இழந்தது. வியாபாரம் படுத்தது, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அந்த வருஷம்தான் டாக்டர் லிம் சோங் இயூ முதலமைச்சரானார். வெளிநாட்டுக் கம்பெனிகளை வரவழைத்து, 1972இல் பாயான் லெப்பாஸ் நெல்வயல் பக்கம் நாட்டின் முதல் சுதந்திர வர்த்தக மண்டலத்தைத் தொடங்கினார்கள். இன்டெல், ஹியூலெட் பேக்கார்ட், நேஷனல் செமிகண்டக்டர், ஹிட்டாச்சி, ஏ.எம்.டி. என்று முதலில் வந்த எட்டுக் கம்பெனிகளை 'எட்டு சாமுராய்' என்று இன்றும் சொல்வார்கள். இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகத் தொழிற்சாலை போட்ட இடம் இதுதான்.

அந்தத் தொழிற்சாலைகளில் மைக்ரோஸ்கோப்பில் கண் பதித்துச் சில்லுகளுக்குக் கம்பி ஒட்டியவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். மலாய்க் கம்பத்துப் பெண்கள், சீனப் பெண்கள், தோட்டத்திலிருந்து கிளம்பி வந்த நம் பெண்கள். மெஷின் விலை அதிகம், அது நிற்கக்கூடாது என்பதால் ஷிஃப்ட் வந்தது. பெண்கள் ஆலைகளில் இரவு பத்து மணி முதல் காலை ஐந்து வரை வேலை செய்யக்கூடாது என்று 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. கம்பெனிகள் தொழிலாளர் துறையிடம் விதிவிலக்கு வாங்கி நைட் ஷிஃப்டை ஓட்டின. அந்தப் பிரிவையே எடுத்துவிட்ட திருத்தம் 2023 ஜனவரி 1இல்தான் நடைமுறைக்கு வந்தது.

வேலைக்கு வந்த அந்த இளம்பெண்கள் கல்யாணம் கட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள், அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். தொழிற்சாலை நிற்காமல் ஓட வேண்டும் என்று நேரம் வகுத்தவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பள்ளிக்கூடமோ, வீட்டில் பகலெல்லாம் ஓர் ஆள் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு மணி அடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் விழும் ஓட்டையைத் தினமும் ஒருவர் அடைத்தாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த ஒருவர் அம்மா.

இந்த ஓட்டை லீவில் மட்டும் வருவதில்லை, பள்ளி நடக்கும் நாளிலும் உண்டு. ஆரம்பப் பள்ளி காலை ஏழரைக்குத் தொடங்கி மதியம் ஒரு மணி வாக்கில் விட்டுவிடும். அம்மா ஆபீஸிலிருந்து வர மாலை ஆறாகும், ஷிஃப்டாக இருந்தால் ஏழரை. நடுவில் உள்ள நேரத்துக்குத்தான் டிரான்சிட். பள்ளி வேன் பிள்ளையை நேரே அங்கே இறக்கிவிடும். சோறு, குளியல், வீட்டுப்பாடம் எல்லாம் அங்கேயே. லீவு வந்தால் அந்த ஆறு மணி நேரம் பன்னிரண்டாகும். சில டிரான்சிட்கள் முழு நாளும் திறந்திருந்து கூடுதல் கட்டணம் வாங்கும். சிலவற்றை நடத்தும் அக்காவே தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார். அதனால் டிரான்சிட்டில் சேர்க்கும்போதே "லீவுல திறப்பீங்களா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. 1984ஆம் ஆண்டு குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் பதிவாகும் 'தஸ்கா' நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கானது. பள்ளி வயதுப் பிள்ளை அதில் அடங்காது. ஆகவே டிரான்சிட்டை நேரில் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எத்தனை பிள்ளைகள், எத்தனை பெரியவர்கள், கேஸ் அடுப்பு எங்கே, வாசல் கேட் பூட்டியிருக்கிறதா, எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இப்போது லீவுக் கணக்கு. ஒரு பேப்பர்த் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி ஆண்டு விடுப்பு, ஒரே முதலாளியிடம் இரண்டு வருஷத்துக்குள் என்றால் குறைந்தது 8 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 12 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனால் 16 நாள். பெரிய கம்பெனிகள் கூடக் கொடுக்கலாம், இது அடிமட்டம். பள்ளி லீவில் சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாவற்றையும் கழித்துவிட்டாலும் வருஷத்துக்கு முப்பது வேலை நாளுக்கு மேல் நிற்கும். மூன்று வருஷம் வேலை செய்த அம்மாவுக்கு 12, அதேபோல அப்பாவுக்கும் 12. ஒரே நாளில் இரண்டு பேரும் லீவு போடாமல் மாற்றி மாற்றிப் போட்டால்கூட 24தான் வரும். தீபாவளிக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளுக்கு, பள்ளி ரிப்போர்ட் கார்டு வாங்கும் நாளுக்கு என்று எதையும் இன்னும் எடுக்கவேயில்லை. அப்பாவும் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து லங்காவிக்கு மூன்று நாள் போய்வந்தால், இரண்டு பேர் கணக்கிலும் மூன்று மூன்று போய்விடும். இந்தக் கழித்தல் கணக்கைத்தான் அம்மா ஏப்ரலிலிருந்து மனசுக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த இரண்டு வாரத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்? காலை ஏழு முதல் இரவு ஏழு வரை பன்னிரண்டு மணி ஷிஃப்ட் போகும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். நாலே முக்காலுக்கு எழுந்திருப்பார். வெளியே கும்மிருட்டு. தீபகற்பத்தில் 1982 ஜனவரி 1இல் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள். அதிலிருந்து பினாங்கில் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் தலைகாட்டுகிறது. ஃபேக்டரி பஸ் ஆறு மணிக்கே வந்துவிடும். பள்ளி நாளில் பிள்ளை பசியாறுவதும் நடுவில் ஒரு வேளையும் கேன்டீனில் நடந்துவிடும். வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே இலவச உணவுத் திட்டம் உண்டு. பள்ளி நடந்தால்தான் அதுவும் நடக்கும். லீவில் மூன்று வேளையும், நடுநடுவே கொறிப்பதும் வீட்டுத் தலையில்.

ஆகவே பஸ் வருவதற்கு முன் கிடைக்கும் அந்த ஒன்றேகால் மணி நேரத்தில் நெத்திலி சம்பல் ஒரு பக்கம், மத்தியானத்துக்கு மீகூன் பிரட்டல் ஒரு பக்கம். ரைஸ் குக்கரில் அரிசியும் தண்ணீரும் அளந்து ஊற்றி, பட்டனை மட்டும் அமுக்காமல் வைப்பார். பதினொன்றரைக்கு அமுக்க வேண்டியது மூத்தவள் வேலை. ஐஸ் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும்: "10 மணி மைலோ, பிஸ்கட். மீன் பெரிய டப்பாவில், மைக்ரோவேவ் 2 நிமிஷம், மூடியை எடுத்துட்டு வை. கேஸ் தொடக்கூடாது. யார் பெல் அடிச்சாலும் திறக்காதே, பாட்டிக்கு போன் பண்ணு. தம்பிக்கு கிச்சாப் நிறைய ஊத்தாதே. டேப்லட் சாப்பிட்ட பிறகு." பள்ளி லீவு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்தத் தாளைக் காட்டினால் போதும். எல்லாவற்றையும் முன்கூட்டியே நினைத்துப் பார்த்து, வீட்டில் இல்லாத நேரத்திலும் வீட்டை நடத்துகிற வேலை அதில் இருக்கிறது.

அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷீல்ட் 1989இல் எழுதிய புத்தகத்துக்கு 'இரண்டாவது ஷிஃப்ட்' என்ற பொருள் வரும்படி பெயர் வைத்தார். சம்பள வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு அங்கே காத்திருக்கும் வேலையைப் பற்றிய புத்தகம். மலேசியாவில் கசானா ஆய்வுக் கழகம் 2019இல் இதையே சின்ன அளவில் அளந்து பார்த்தது. ஆய்வில் கலந்துகொண்டவர்களில் சம்பள வேலைக்கு ஆணும் பெண்ணும் கொடுத்த நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சம்பளமில்லா வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் நாளுக்கு 3.6 மணி நேரம், ஆண்கள் 2.2 மணி நேரம். நாட்டில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் நூற்றுக்கு 56 பேர் அளவில்தான் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள்; ஆண்களில் எண்பதுக்கும் மேல். வெளியே நிற்கும் பெண்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் வீட்டுப் பொறுப்பு. பள்ளி லீவு அந்தப் பொறுப்பில் ஒரு துண்டுதான், ஆனால் பல பேர் வேலையை விட்டுவிடலாமா என்று யோசிப்பது அந்த வாரங்களில்தான்.

"பத்து வயசு ஆச்சு, தனியா இருப்பான்" என்று சிலர் சொல்வார்கள். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தகுந்த கண்காணிப்பு இல்லாமல் பிள்ளையை விட்டுவிட்டுப் போவதைக் குற்றமாக வைத்திருக்கிறது. அபராதம் 20,000 ரிங்கிட் வரை, சிறை ஐந்து ஆண்டு வரை. எத்தனை வயதில் தனியாக விடலாம் என்று அந்தப் பிரிவு எண் போட்டுச் சொல்லவில்லை. எவ்வளவு நேரம், எந்தச் சூழ்நிலை, யார் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள் என்பதையெல்லாம்தான் பார்ப்பார்கள். ஆகவே ஐஸ் பெட்டித் தாளில் இருக்கும் "பாட்டிக்கு போன் பண்ணு" வெறும் ஆறுதலுக்கு எழுதியது இல்லை. பக்கத்து பிளாட் ஆன்ட்டி ஒருவர் நேரத்துக்கு நேரம் எட்டிப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கு அடுத்த வாரம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள். ஒரு பக்கமாகவே ஓடும் உதவி ரொம்ப நாள் ஓடாது.

சரி, பாட்டி. பாயான் லெப்பாஸில் வேலை பார்க்கும் நம் குடும்பங்களில் பல பேருக்கு அப்பா அம்மா இருப்பது தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும் பாலத்துக்கு அந்தப் பக்கம்: பட்டர்வொர்த், கூலிம், சுங்கைப் பட்டாணி. 1985இல் முதல் பாலம் வந்தது. 2014இல் வந்த இரண்டாவது பாலம் பக்கத்திலே பத்து மாவுங்கில் இறங்குகிறது. வெள்ளி இரவு பிள்ளைகளையும் துணி மூட்டையையும் காரில் ஏற்றி, பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, ஞாயிறு திரும்பி வருவது பாதிக் குடும்பங்களின் லீவு முறை. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: கூலிமும் சுங்கைப் பட்டாணியும் இருக்கும் கெடா மாநிலத்தில் வார ஓய்வு வெள்ளியும் சனியும். சுங்கைப் பட்டாணியில் மாமா பிள்ளைகளுக்கு லீவு நம்மைவிட ஒரு நாள் முன்னால் தொடங்கி ஒரு நாள் முன்னால் முடியும். கடைசி ஞாயிறு மாமா பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட, உங்கள் பிள்ளை மட்டும் பாட்டி வீட்டு முற்றத்தில் உம்மென்று உட்கார்ந்திருப்பான்.

பாட்டியைப் பற்றி இன்னொரு வார்த்தை. அறுபது தாண்டியவர், சக்கரை இருக்கும், முட்டி வலி இருக்கும். அந்தக் காலத்தில் மைக்ரோஸ்கோப் பார்த்துத் தேய்ந்த கண்ணாகவும் இருக்கலாம். மூன்று பேரப் பிள்ளைகளைப் பன்னிரண்டு மணி நேரம் மேய்ப்பது அவருக்கும் ஒரு ஷிஃப்ட். மளிகைச் செலவையும் ஒரு தொகையையும் கையில் கொடுங்கள். "நம்ம பிள்ளைங்கதானே, காசு எதுக்கு?" என்பார். அப்படிச் சொன்னாலும் கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் அவருக்கும் ஓய்வு வேண்டும் என்பதை நீங்களே கணக்கில் எழுதிவிடுங்கள், அவர் வாய்விட்டுக் கேட்க மாட்டார்.

எல்லாம் கஷ்டம் என்று பயமுறுத்தவில்லை. ஜூனில்தான் பாலிக் பூலாவில் டுரியான் சீசன் உச்சத்துக்கு வரும். தெலுக் கும்பார் வழியாக மலையைச் சுற்றிப் போனால், வழி நெடுகப் பழத்தைக் குவித்து வைத்திருப்பார்கள். கடைக்காரர் ஒரு பழத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார், காம்பை முகர்வார், கத்தி நுனியால் ஒரு முக்கோணம் வெட்டி உள்ளே காட்டுவார். அங் ஹே என்ற வகை ஆரஞ்சு சிவப்பாக இருக்கும். பிள்ளைகளுக்கு முதலில் அதுதான் கண்ணில் படும். தின்று முடித்ததும் காலி ஓட்டில் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டுக் குடிக்கச் சொல்வார் பாட்டி. சூடு இறங்குமாம். காசை மிச்சம் பிடிக்கும் நாளில் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்கா இருக்கிறது. 1884இலிருந்து இருக்கும் பூங்கா, உள்ளே போகக் கட்டணமில்லை. குரங்குகள் கையிலிருப்பதைப் பிடுங்கும், பிஸ்கட் பாக்கெட்டை வெளியே எடுக்காமல் இருந்தால் சரி. மாலை ஏழரை வரை வெளிச்சம் இருப்பதால் வேலை முடிந்து வந்த பிறகும் பிள்ளைகளைக் கீழே விளையாட விட நேரம் கிடைக்கும்.

படிப்பு? முன்பெல்லாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கு ஜூன் லீவு என்றால் டியூஷன். செப்டம்பரில் யு.பி.எஸ்.ஆர். காத்திருக்கும். அந்தத் தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள், அடுத்த வருஷம் மூன்றாம் படிவத் தேர்வையும் எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு அப்படியே இருக்கிறது. ஆகவே ஆரம்பப் பள்ளிப் பிள்ளையை லீவில் விரட்ட வேண்டியதில்லை. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் தாங்கும் பிள்ளைக்கு, இரவு படுக்கும் முன் ஒரு பக்கம் சத்தம் போட்டு வாசிப்பது போதும். டியூஷன் காசை டிரான்சிட்டுக்கோ பாட்டிக்கோ திருப்பிவிடலாம்.

கடைசியாக, நிறையப் பேர் பயன்படுத்தாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2023 முதல் நடப்பில் இருக்கும் அதே வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் 60P, 60Q என்று இரண்டு பிரிவுகள் உண்டு. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணமும் எழுத வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கிளீன் ரூமில் மெஷின் முன்னால் நிற்பவர் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாது. ஆனால் அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் காலை ஷிஃப்டை நைட்டுக்கு மாற்றுவதோ, மேசை வேலை என்றால் இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்வதோ கேட்கக்கூடிய விஷயம்தான். அறுபது நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். மே 23இல் லீவு என்றால் மார்ச் மூன்றாம் வாரத்துக்குள் கடிதம் போயிருக்க வேண்டும். ஏப்ரலில் யோசிக்கத் தொடங்கினால் தாமதம்.

அந்தப் பிரிவுகளில் 'தொழிலாளி' என்றுதான் இருக்கிறது, அம்மா என்று இல்லை. அப்பாவும் கேட்கலாம். பாயான் லெப்பாஸில் ஆண்களும் ஷிஃப்ட் போகிறார்கள், ஆண்களுக்கும் 12 நாள் லீவு இருக்கிறது, ஆண்களுக்கும் சூப்பர்வைசர் இருக்கிறார். ஆனால் "பிள்ளைக்கு ஸ்கூல் லீவு, ஷிஃப்ட் மாத்திக் குடுங்க" என்று போய் நிற்பது ஏனோ அம்மாவாகவே இருக்கிறது. அம்மாவின் பெயர்தான் சூப்பர்வைசர் நோட்டில் "அடிக்கடி லீவு கேட்பவர்" என்று பதிகிறது, பதவி உயர்வு வரும்போது அது நினைவுக்கு வருகிறது. இந்த முறை வீட்டில் நாட்காட்டியை மேசையில் விரித்துப் போட்டு, இரண்டு வாரத்தின் பத்து வேலை நாளையும் இரண்டு கலரில் பிரித்து எழுதுங்கள்: ஐந்து அவருக்கு, ஐந்து உங்களுக்கு. அவருடைய ஐந்து நாளில் ஐஸ் பெட்டிக் கதவுத் தாளையும் அவரே எழுதட்டும், நீங்கள் திருத்தாதீர்கள். கம்பெனிக்குப் போகும் கடிதத்தையும் அவர் ஒன்று எழுதட்டும்.